சார்ட்டில் ஒட்டிய செல் ஏன் பிரிய மாட்டேன் என்கிறது?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: செல் பகுப்பு மாடல். பள்ளிக்கூடங்களில் பிராஜெக்ட் காலம் போலிருக்கிறது, ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் தீர்ந்திருக்கும். முப்பது வருஷம் உயிரியல் நடத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மைட்டாசிஸ் நிலைகளை மாடலாகச் செய்து வரச் சொன்னார்கள். கடையில் விற்கும் படத்தைப் பார்த்து, தெர்மாகோலில் நான்கு வட்டம் வெட்டி, களிமண்ணில் குரோமோசோம் உருட்டி, ஒரு கால் சிவப்பு ஒரு கால் நீலம் என்று வண்ணம் அடித்து ஒட்டினோம். ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. டீச்சர் 'தப்பு' என்று ஐந்து மார்க் குறைத்துவிட்டார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
*ஒரு அம்மா, திண்டுக்கல்*

டீச்சர் குறைத்தது சரிதான் அம்மா. காரணம் சொல்லாமல் குறைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தப்பு அந்த இரண்டு கலரில் இருக்கிறது. உங்கள் மகனுடைய உடம்புச் செல்லில் 46 குரோமோசோம். 23 உங்களிடமிருந்து வந்தது, 23 அவன் அப்பாவிடமிருந்து. உங்களுடையதைச் சிவப்பு என்றும் அப்பாவுடையதை நீலம் என்றும் வைத்துக்கொள்வோம். செல் பிரிவதற்கு முன்னால் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. சிவப்புக்கு நகல் எடுத்தால் சிவப்புதானே வரும்? அந்த இரண்டு சிவப்பும் சென்ட்ரோமியரில் ஒட்டிக்கொண்டு நிற்பதைத்தான் நாம் எக்ஸ் எழுத்து மாதிரி வரைகிறோம். அதில் ஒரு பாதியைச் சிவப்பாகவும் மறுபாதியை நீலமாகவும் அடித்துவிட்டால் என்ன ஆகும்? பிரியும்போது ஒரு செல்லுக்கு அம்மா பங்கு, இன்னொரு செல்லுக்கு அப்பா பங்கு என்று பாகப்பிரிவினை நடந்துவிடும். மைட்டாசிஸ் பாகப்பிரிவினை இல்லை அம்மா, பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பேருக்கும் முழுசாகக் கொடுப்பது. இரட்டைக் கலர் எக்ஸ் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று சார்ட் போடுகிறவர்களும் அப்படியே அடித்துவிடுகிறார்கள், அதைப் பார்த்து நீங்களும் அடித்தீர்கள்.

உண்மையில் எனக்குக் கலரைவிடப் பெரிய குறை, நீங்கள் அதை ஒட்டியது. ஒட்டினால் நகராது. நகராத செல் பகுப்பு என்பது நான்கு படம், அவ்வளவுதான். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எது எங்கே போனது என்று பையன் யோசிக்கவே வேண்டியதில்லை, பார்த்து ஒட்டினால் போதும்.

மார்க் போனது போகட்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணி நேரம் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் இருக்கிற எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று, அதுதான் செல். நடுவில் சணலால் ஒரு வளையம், உட்கரு உறை. சிவப்பிலும் நீலத்திலும் கம்பளி நூல், ரவிக்கைக்குத் தைக்கிற பிரஸ் பட்டன் ஒரு டஜன். சிவப்பில் ஒரு சாண் நூல் ஒன்று, அரைச் சாண் ஒன்று. நீலத்திலும் அதே மாதிரி. ஆக நான்கு நூல். வளையத்துக்குள் போட்டுவிட்டு, இது எந்த நிலை என்று அவனைக் கேளுங்கள். மனப்பாடம் செய்த நான்கு பெயரில் ஒன்றைச் சொல்வான். நான்கும் இல்லை, இது இடைக்காலம், இன்னும் எதுவும் தொடங்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நூலுக்கும் அதே கலரில், அதே நீளத்தில் இன்னொன்று வெட்டி, பிரஸ் பட்டனின் இரண்டு பாதியை இரண்டு நூலிலும் தைத்து, டக்கென்று சேர்த்துவிடணும். பட்டன்தான் சென்ட்ரோமியர். எஸ் கட்டம் என்று புத்தகத்தில் ஒரு வரியில் போகிற விஷயம் இதுதான், டி.என்.ஏ. இரட்டிக்கும் நேரம். இது முடிந்ததும் கத்தரிக்கோலையும் நூல்கண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இதற்கப்புறம் ஒரு இழைகூட உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. இந்த விளையாட்டுக்கு இருக்கிற ஒரே சட்டம் அது.

அப்புறம் பேனா ரீஃபிலில் சுற்றி ஒவ்வொன்றையும் சுருளாக்கிக் குட்டையாக்கினால் புரோஃபேஸ். அது முடிகிற தறுவாயில் சணல் வளையத்தை எடுத்துவிடலாம். தாம்பாளத்தின் நடுக்கோட்டில் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினால் மெட்டாஃபேஸ். பட்டனைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அனாஃபேஸ். இழுக்கும்போது நூலின் நுனியைப் பிடிக்கக் கூடாது, பட்டனைப் பிடிக்கணும். அப்போதுதான் இரண்டு காலும் பின்னால் தொங்கிக்கொண்டு வரும், படத்தில் படுத்துக் கிடக்கிற 'வி' எழுத்து எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரிந்துவிடும். இரண்டு ஓரத்திலும் சுருளைப் பிரித்துத் தளர்த்தி, இரண்டு சணல் வளையம் போட்டால் டீலோஃபேஸ்.

என் வகுப்பில் வருஷம் தவறாமல் யாராவது ஒருவன் மெட்டாஃபேஸ் வந்ததும் இரண்டு சிவப்பையும் இந்தப் பக்கம், இரண்டு நீலத்தையும் அந்தப் பக்கம் என்று பட்டனைக் கழற்றாமலே பிரித்து வைப்பான். கட்சி பிரிக்கிற மாதிரி. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். "இந்தச் செல்லில் நீளமான நீலம் எங்கேப்பா?" என்று மட்டும் கேட்பேன். தேடுவான், மறுபக்கம் பார்ப்பான், மெதுவாகக் கையைத் தலைக்குக் கொண்டுபோவான், அப்புறம் தானே எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து பட்டனைக் கழற்ற ஆரம்பிப்பான். ஒட்டிய மாடலில் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது.

சார், செல்லில் 4 குரோமோசோம் இருந்தால், எஸ் கட்டம் முடிந்ததும் 8 ஆகிவிடுமா? ஒரு கைடில் 4 என்றும் இன்னொன்றில் 8 என்றும் இருக்கிறது.
*பிளஸ் ஒன் மாணவன், அரியலூர்*

4 தான் தம்பி. காலை எண்ணாதே, சென்ட்ரோமியரை எண்ணு. இரட்டித்த பிறகு குரோமேட்டிட்தான், அதாவது ஒட்டி நிற்கிற நகல்கள்தான் 8, குரோமோசோம் இன்னும் 4. அனாஃபேஸில் பட்டன் கழன்ற நொடியில்தான் 8 ஆகிறது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. செல் இரண்டானதும் ஆளுக்கு 4. இரண்டாவது கைடு டி.என்.ஏ. அளவையும் குரோமோசோம் எண்ணிக்கையையும் போட்டுக் குழப்பியிருக்கும். டி.என்.ஏ. எஸ் கட்டத்திலேயே இரண்டு மடங்காகிவிடும், எண்ணிக்கை ஆகாது.

அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வகுப்பில் 48 பேர். மாடல் செய்யச் சொன்னால் வசதி இருக்கிற பிள்ளைகள் கடையில் வாங்கி வருகிறார்கள், இல்லாதவர்கள் அன்றைக்கு லீவு போடுகிறார்கள். 45 நிமிடத்தில், காசு செலவில்லாமல், எல்லோரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வழி உண்டா?
*ஒரு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்*

லீவு போடுகிற பிள்ளையைக் கவனித்தீர்களே டீச்சர், அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. மாடலை விட்டுவிடுங்கள், பிள்ளைகளையே செல் ஆக்கிவிடலாம். மரத்தடி நிழலும் எட்டுத் துண்டுக் கயிறும் இருந்தால் போதும், கயிறு ஆளுக்கு நான்கைந்து மீட்டர்.

மைதானத்தில் பெரிய வட்டம் போட்டு நான்கு பேரை உள்ளே அனுப்புங்கள். இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. ஒரு நெட்டைக்கும் ஒரு குட்டைக்கும் சிவப்பு ரிப்பன், மற்ற இருவருக்கும் நீலம். வெளியே நான்கு பேர் காத்திருக்கட்டும், எஸ் கட்டம் என்று நீங்கள் சொன்னதும் தங்களுக்கு ஜோடியான ஆளிடம் போய், அதே கலர் ரிப்பன் கட்டிக்கொண்டு, முதுகோடு முதுகாக நின்று கை கோத்துக்கொள்ளணும். துருவத்துக்கு இரண்டு பேர், எதிரெதிர் ஓரத்தில், ஆளுக்கு நான்கு கயிறு. மிச்சம் 38 பேர் கை கோத்து வளையமாக நின்றால் உட்கரு உறை. புரோஃபேஸ் முடியும்போது உறை அப்படியே கையை விட்டுவிட்டுச் சிதறி நிற்கும், அங்கேயே, வெளியே ஓடிப்போகாமல். கடைசியில் டீலோஃபேஸில் அதே பிள்ளைகள்தான் 19, 19 ஆகப் பிரிந்து இரண்டு வளையம் கட்டுவார்கள். நிஜச் செல்லிலும் பழைய உறையின் துணுக்குகள் புது உறைக்கு உதவுகின்றன, அதனால் இது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது இல்லை.

கயிறு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். துருவத்தில் நிற்கிற பிள்ளை கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இழுக்க ஆரம்பித்துவிடும். வேண்டாம். இந்தக் கயிறுதான் குரோமோசோமைத் துருவத்தோடு இணைக்கிற கதிர்கோல் இழை, அது பெரும்பாலும் குரோமோசோமைத் தொடுகிற முனையில்தான் கரைந்து குட்டையாகிறது. குரோமோசோம் இழையைத் தின்றுகொண்டே துருவத்துக்கு நகர்கிற மாதிரி. ஆகவே துருவத்துப் பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கட்டும், குரோமேட்டிட் பிள்ளை கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே நடந்து வரட்டும். இதைப் பரீட்சையில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒருமுறை நடந்த பிள்ளைக்கு மறக்காது.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. எட்டுப் பேரில் ஒரே ஒரு ஆளுக்குக் கயிறு கொடுக்காதீர்கள். மற்ற எல்லோரும் தயார், நடுக்கோட்டில் நிற்கிறார்கள். போகலாமா என்று கேளுங்கள். "எனக்கு இன்னும் கயிறு வரல டீச்சர்!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் நிற்கிறவரை ஒருத்தரும் நகரக்கூடாது. நிஜத்திலும் அப்படித்தான்: இழை பிடிக்காத குரோமோசோம் ஒன்று இருந்தாலும் அதிலிருந்து 'நில்' என்ற சமிக்ஞை போய்க்கொண்டே இருக்கும், அனாஃபேஸ் தொடங்காது. படியில் கடைசி ஆள் காலை வைக்கிறவரை கண்டக்டர் விசில் கொடுக்காத மாதிரி. எப்போதாவது இந்தக் காவல் தவறி, ஒன்று போகவேண்டிய இடத்தில் இரண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று அதே மரத்தடியில் பேசலாம். கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் அப்படிப் பிரியாமல் போவதுதான் டவுன் சின்ட்ரோமுக்குப் பெரும்பாலும் காரணம். மூன்று 21 இருக்கிறது என்று 1959இல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். இந்தப் பேச்சை எடுக்கும்போது மட்டும் வகுப்பில் யாருடைய வீட்டிலாவது அப்படி ஒரு குழந்தை இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

45 நிமிடத்தில் முதல் பதினைந்து நிமிடம் சிரிப்பிலும் தள்ளுமுள்ளிலும் போகும். போகட்டும். இரண்டாவது முறை செய்யும்போது நீங்கள் பேசவே வேண்டாம், அவர்களே ஒருத்தரை ஒருத்தர் அதட்டிக்கொள்வார்கள்.

சார்ட்டில் நான்கு நிலைக்கும் ஒரே அளவு கட்டம் போடுகிறோம். நிஜத்தில் நான்குக்கும் ஒரே நேரம்தான் ஆகுமா?
*மாணவி, காரைக்குடி*

ஆகாது. சார்ட் இப்படித்தான் சத்தமில்லாமல் பொய் சொல்லும். நம் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும்போது ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 மணி நேரம், அதில் மைட்டாசிஸுக்கு ஒரு மணி நேரம்தான். மிச்சம் பூராவும் இடைக்காலம். அந்த ஒரு மணியிலும் புரோஃபேஸ் நிறைய எடுத்துக்கொள்ளும், அனாஃபேஸ் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் சொல்வதை நம்பாதே, எண்ணிப் பார். ஒரு வெங்காயத்தின் அடியில் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் நிறைந்த பாட்டில் வாயில் அடி மட்டும் நனைகிற மாதிரி உட்கார வை. மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் விடும். அதன் நுனியைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, அமிலத்தில் மிதமாகச் சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கவர் கண்ணாடி போட்டு, பென்சில் பின்பக்கத்தால் தட்டித் தட்டி நசுக்கணும். தட்டுவதில்தான் கைப்பக்குவம். பயந்து தட்டினால் செல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், வேகமாகத் தட்டினால் கண்ணாடி உடையும், பக்கவாட்டில் நகர்த்திவிட்டாலோ எல்லாம் சுருண்டு குப்பையாகிவிடும்.

மைக்ராஸ்கோப்பில் நூறு செல் எண்ணி, எந்த நிலையில் எத்தனை என்று குறித்துக்கொள். அதிக நேரம் எடுக்கும் நிலையில் அதிகச் செல்கள் மாட்டும். திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் ரொம்ப நேரம் நிற்கிற வரிசையில்தானே ஆள் அதிகம் இருப்பார்கள்? அதே கணக்கு. அப்புறம் உன் சார்ட்டில் கட்டங்களை அந்த விகிதத்தில் போட்டுக் கொண்டுபோ. இடைக்காலமே முழுச் சார்ட்டையும் அடைத்துக்கொள்ளும், அனாஃபேஸுக்குத் தீப்பெட்டி அளவு இடம்கூடக் கிடைக்காது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நிஜம்.

வெங்காயச் செல்லில் 16 குரோமோசோம். சாம்பாருக்குப் போடுகிற சின்ன வெங்காயத்திலும் அதே 16 தான். அப்புறம், வெங்காயத்தை மாடல் செய்தால் சென்ட்ரியோல் (விலங்குச் செல்லின் துருவங்களில் இருக்கிற சின்னக் குழல்) வைத்துவிடாதே, அதற்குக் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெங்காய வேர் என்று தலைப்புப் போட்டுவிட்டுக் கரும்பலகையில் இரண்டு பக்கமும் அழகாகச் சென்ட்ரியோல் வரைந்தேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், தாவரத்துக்கு இது இல்லன்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க?" என்றாள். பெல் அடித்துக் காப்பாற்றியது. தாவரச் செல் நடுவில் இறுகி இரண்டாவதும் கிடையாது. நடுவில் புதிதாக ஒரு சுவர் முளைத்து இரண்டு ஓரத்துக்கும் வளரும். களிமண் உருண்டையை நூலால் இறுக்கிப் பிரித்துக் காட்டினால் அது விலங்குச் செல், வெங்காயம் இல்லை.

எங்கள் பாடப்புத்தகத்தில் இழையுருப்பிரிவு, ஒடுக்கற்பிரிவு, நிறமூர்த்தம் என்று இருக்கிறது. நீங்கள் மைட்டாசிஸ், மியாசிஸ், குரோமோசோம் என்கிறீர்கள். எது சரி?
*உயர்தர மாணவி, யாழ்ப்பாணம்*

இரண்டும் சரி, ஆனால் உங்களுடையதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் என்கிற பல்லி மாதிரியான நீர்நில உயிரியின் இளம்பருவச் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்து, உட்கருவுக்குள் நூல் மாதிரி ஏதோ திரண்டு பிரிகிறதே என்று 1882இல் புத்தகம் எழுதினார். நூலுக்குக் கிரேக்கத்தில் மிட்டோஸ், அதிலிருந்து மைட்டாசிஸ். 'இழையுரு' என்கிறபோது அந்த நூல் உங்கள் காதிலேயே விழுந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மைட்டாசிஸ் என்றால் வெறும் சத்தம். குரோமோசோம் என்றாலும் 'நிறமேறும் உடல்' என்றுதான் பொருள், 1888இல் வால்டையர் வைத்த பெயர். உங்கள் நிறமூர்த்தத்தில் அதுவும் வந்துவிட்டது.

ஃபிளெமிங் காலத்தில் வீடியோ கிடையாது. சாயம் ஏற்றினால் செல் செத்துவிடும், ஒவ்வொரு செல்லும் ஒரு நொடியில் உறைந்த ஒரு போட்டோ. நூற்றுக்கணக்கான போட்டோவைக் கலைத்துக் கொடுத்து எது முன், எது பின் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவர் வரிசைப்படுத்தினார், உயிருள்ள செல்லையும் மணிக்கணக்கில் பார்த்து ஒப்பிட்டார். இதை வகுப்பிலும் செய்யலாம்: படங்களைப் பெயர் எழுதாமல் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். எங்கே புரோஃபேஸ் முடிந்து மெட்டாஃபேஸ் தொடங்குகிறது என்று சண்டை வரும். வரத்தான் செய்யும். காலை எப்போது முடிந்து மதியம் எப்போது ஆரம்பிக்கிறது என்று யார் கோடு போட்டார்கள்?

நாங்கள் கண்வலிக் கிழங்கு பயிரிடுகிறோம். விதையில் இருக்கிற ஏதோ ஒரு சத்து செல் பகுப்பை நிறுத்தும் என்று மகள் சொல்கிறாள். நிஜமா?
*ஒரு விவசாயி, மூலனூர்*

நிஜம்தான் ஐயா, மகளுக்குச் சபாஷ். உங்கள் கொடியில் பூக்கிறது நம் மாநில மலர் செங்காந்தள், அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின். மேலே விழுப்புரம் டீச்சருக்குச் சொன்ன விளையாட்டில் கயிறு இருந்ததே, அந்தக் கயிறு திரிக்கப்படுகிற புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டு கயிறே உருவாகவிடாமல் செய்துவிடும். குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டு, தயாராகி, போக வழியில்லாமல் நின்றுவிடும். நின்றால் எண்ணுவதற்கு வசதி. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. ஸ்வீடனில் ஜியோவும் லெவானும் கோல்ச்சிசின் போட்டுச் செல்களை நிறுத்தி, செல்லை உப்பவைத்துப் பரப்பி எண்ணியபோதுதான், 1956இல், 46 என்று வெளியே வந்தது.

செடிகளில் இதே மருந்தைப் போட்டால், இரட்டித்த குரோமோசோம் பிரியாமல் அதே செல்லில் தங்கி எண்ணிக்கை இரண்டு மடங்காகும். மெட்ராஸில் படித்து, கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் வேலை பார்த்த ஈ.கே. ஜானகி அம்மாள், இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் போட்டுப் பார்த்தவர். அங்கே ஒரு மக்னோலியாவுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். கோல்ச்சிசினை மாத்திரை வடிவில் கௌட் எனும் மூட்டு வலிக்கும் கொடுக்கிறார்கள், ரொம்பச் சின்ன அளவில். பெரிய அளவில் ஆளைக் கொல்லும் என்பது எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய விஷயம். மகள் பிராஜெக்டுக்கு என்று கிழங்கைப் பள்ளிக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போட்டோ போதும்.

மியாசிஸையும் நூலிலேயே செய்யலாமா?
*மாணவர், நாகர்கோவில்*

மியாசிஸ் என்பது கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது நடக்கிற பகுப்பு. செய்யலாம், ஆனால் நூலைவிடப் பாசிமணி நல்லது. மணிகளைக் கோத்து வைத்துக்கொண்டால் புரோஃபேஸ் ஒன்றில் சிவப்பு மாலையும் நீல மாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது நுனியில் நான்கு மணியைக் கழற்றி மாற்றிக் கோத்துவிடலாம், அதுதான் குறுக்கேற்றம். முதல் பகுப்பில் பட்டனைக் கழற்றாதே, சிவப்பும் நீலமுமான ஜோடிதான் பிரியும். மேலே நான் தப்பு என்று சொன்னேனே, ஒரு பையன் பட்டனைக் கழற்றாமல் பிரித்தான் என்று, அவன் செய்ததும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரி. தப்பான வகுப்பில் சரியான காரியம் செய்தவன் அவன்.

ஆனால் எல்லாச் சிவப்பும் ஒரு பக்கமே போகணும் என்று இல்லை, எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் என்பதற்குக் காசைச் சுண்டிப் பார். இரண்டு ஜோடிக்கு நான்கு வகை. மனிதனுக்கு 23 ஜோடி, இரண்டை 23 முறை பெருக்கினால் 83,88,608. குறுக்கேற்றத்தைச் சேர்க்காமலே.

நீங்கள் முன்பு ஒருமுறை சொன்னபடி கம்பளி நூலில் செய்தோம். எட்டு நூல்தான், அதற்கே சிக்கு விழுந்து பிரிக்க முடியவில்லை. செல்லுக்குள் அவ்வளவு நீள டி.என்.ஏ. எப்படிச் சிக்காமல் இருக்கிறது?
*அக்காவும் தம்பியும், ஓசூர்*

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான், ஒட்டிய மாடல் செய்தவர்கள் யாரும் இதைக் கேட்டிருக்க முடியாது.

உங்கள் ஒரு செல்லில் இருக்கிற 46 டி.என்.ஏ. நூலையும் நுனிக்கு நுனி வைத்தால் சுமார் 2 மீட்டர். அது அடைந்து கிடக்கிற உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. உட்கருவை ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதினால், அதே கணக்கில் நூல் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஆகும். சிக்காமல் இருக்கிறது என்று யார் சொன்னது? சிக்கும். முதலில் ஹிஸ்டோன் என்கிற புரத உருண்டைகளில் நூல் கண்டு சுற்றிக்கிடக்கிறது, அதனால் கொஞ்சம் ஒழுங்கு. பிரியும் நேரம் வந்ததும் கண்டென்சின் என்ற புரதம் அதை வளையம் வளையமாக இழுத்து மடித்துக் குட்டையாக்கிவிடுகிறது. நீங்கள் ரீஃபிலில் சுற்றினீர்களே, அந்த வேலை. நீள நூலை இழுத்துப் பிரிப்பதைவிடக் குட்டைச் சுருளைப் பிரிப்பது எளிது என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும், சுற்றுவதற்கு முன்னாலேயே இழுத்துப் பார்த்திருப்பீர்கள்.

அப்படியும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டிருக்கிற இடங்களுக்கு டோப்போஐசோமரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது ஒரு நூலை வெட்டி, வெட்டிய இரண்டு முனையையும் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நடுவில் இன்னொரு நூலை நுழைத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி ஒட்டிவிடும். முடிச்சே தெரியாது. சில புற்றுநோய் மருந்துகள் அது ஒட்டுவதற்குள் அதன் கையைக் கட்டிவிடுகிற வேலையைத்தான் செய்கின்றன.

உங்கள் வீட்டில் அந்த நொதி கிடையாது, அதனால் தம்பி ஒரு நூலை வெட்டிவிடட்டும், அக்கா இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். கையை விட்டால் எது எதோடு சேரணும் என்று மறந்துவிடும்.